ப்ளேயர் ஃபர்ம்வேர் டம்ப்ல ஒரே பகுதி திரும்பத் திரும்ப வருது, சொந்த ஃபர்ம்வேர் ஏத்த வழி இருக்கா?

சுழல்வட்டு:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கோங்க.

என்கிட்ட ஒரு சின்ன மியூசிக் ப்ளேயர் இருக்கு. 2 இன்ச் ஸ்க்ரீன், மைக்ரோ எஸ்டி ஸ்லாட், டச் கிடையாது எல்லாமே பட்டன். சவுண்ட் உண்மையிலேயே அருமையா இருக்கும், அதனாலதான் இதை விட மனசு வரல. ஆனா ஃபர்ம்வேர் (ப்ளேயரை ஓட்டுற உள் சாஃப்ட்வேர்) உயிரை எடுக்குது. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கும்போது அரை நொடி வெட்டு விழும், லைவ் ரெக்கார்டிங் கேக்கவே முடியாது. ஆடியோபுக் பாதியில நிறுத்தினா எங்க விட்டோம்ங்கிறதை மறந்துடும். கார்டை ஒரு தடவை கழட்டி மாட்டினா லைப்ரரி முழுசா மறுபடி ஸ்கேன் பண்ணும். கம்பெனி அப்டேட் நிறுத்தி பல வருஷம் ஆச்சு, மெயில் போட்டேன் பதிலே இல்ல.

ராக்பாக்ஸ்னு ப்ளேயர்ல கம்பெனி ஃபர்ம்வேருக்குப் பதிலா போடுற இலவச ஃபர்ம்வேர் இருக்கே, அதோட லிஸ்ட்ல இந்த மாடல் இல்ல. சரி நாமளே பாப்போம்னு கழட்டிட்டேன். உள்ள பெரிய சிப் ஒண்ணு, மேல இருக்கிற எழுத்தை சுரண்டி விட்டிருக்காங்க, ஒண்ணும் படிக்க முடியல. பக்கத்துல 8 கால் உள்ள ஃப்ளாஷ் சிப், அதுல ஜிடி5எஃப்1ஜி-ன்னு ஆரம்பிக்கிற நம்பர். 24 மெகாஹெர்ட்ஸ் க்ரிஸ்டல். ஹெட்ஃபோன் ஜாக் பக்கத்துல தனியா ஒரு டிஏசி சிப் (டிஜிட்டல் பாட்டை சவுண்ட் சிக்னலா மாத்துறது). ஓரத்துல பேர் போடாத நாலு செம்புப் புள்ளி.

சிஎச்341ஏ ப்ரோக்ராமர்ல க்ளிப் மாட்டி ஃப்ளாஷை படிச்சு, உள்ள இருக்கிறதை ஒரு ஃபைலா (டம்ப்) எடுத்தேன். சாஃப்ட்வேர் சிப்பை கண்டுபிடிக்கல, அதனால நானே 16 எம்பி சிப்னு ஒண்ணை செலக்ட் பண்ணி படிக்க வெச்சேன். ரெண்டு தடவை படிச்சு ஹேஷ் பாத்தேன், ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ஃபைலை திறந்தா கிட்டத்தட்ட 2 கேபி சொச்சத்துக்கு ஒரு தடவை அதே விஷயம் திரும்பத் திரும்ப வருது, முழு 16 எம்பியும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் 06 05 04 03 02 55 ஏஏ 55-ன்னு ஆரம்பிக்குது.

கம்பெனியோட பழைய அப்டேட் ஃபைல் ஒண்ணும் வெச்சிருக்கேன், அதுல பின்வாக் (ஃபர்ம்வேர் ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னு தேடுற டூல்) ஓட்டினா ஒண்ணுமே கிடைக்கல, டேட்டா எவ்ளோ ஒழுங்கில்லாம இருக்குன்னு காட்டுற எண்ட்ரோபி கோடு மேல ஒட்டிக்கிட்டு நேரா போகுது. என்க்ரிப்ட் பண்ணிருக்காங்கனு நினைக்கிறேன்.

இந்த என்க்ரிப்ஷனை உடைக்காம மேல போக முடியாதா? எங்க ஆரம்பிக்கணும்னு யாராவது சொல்லுங்க. பைதான் தெரியும், சி ஓரளவு தெரியும், சால்டரிங் சுமாரா வரும்.

---

செம்புக்கம்பி:

தம்பி, முதல்ல பேட்டரி ஒயரை எடுத்து விட்டுட்டு இதைப் படிங்க. க்ளிப் மாட்டும்போது பேட்டரி இருந்துச்சா இல்லையானு நீங்க சொல்லல, இருந்தா பெரிய சிப்பும் அதே லைன்ல பேசும் உங்க ப்ரோக்ராமரும் பேசும், படிக்கிறது குப்பையாகும், சில நேரம் ஏதாவது ஒண்ணு போயிடும்.

உங்க டம்ப் தப்பு. ரெண்டு தடவையும் ஹேஷ் ஒண்ணா வந்தது ஏன்னா ரெண்டு தடவையும் ஒரே தப்பை அதே மாதிரி பண்ணிருக்கீங்க. ஃப்ளாஷ்ல நார், நேண்ட்னு ரெண்டு வகை உண்டு, அந்த ஃப்ளாஷ் நார் கிடையாது, நேண்ட். ஜிடி25-ன்னு ஆரம்பிச்சா நார், ஜிடி5எஃப்-ன்னா எஸ்பிஐ நேண்ட். 1ஜி-ங்கிறது 1 ஜிகாபிட், அதாவது 128 எம்பி. பார்க்க ரெண்டும் ஒரே 8 கால் பூச்சி மாதிரிதான் இருக்கும், பேசுற விதம் வேற.

நார்ல 03 கமாண்ட் அனுப்பி அட்ரஸ் குடுத்தா நேரா டேட்டா வரும். நேண்ட்ல முதல்ல 13 கமாண்ட் போட்டு இந்த பேஜை எடுத்து உள் பஃபர்ல வைனு சொல்லணும், அப்புறம்தான் 03 போட்டு பஃபரைப் படிக்கணும். நீங்க 13 அனுப்பவே இல்ல. பவர் ஆனதும் முதல் பேஜை தானா பஃபருக்கு எடுத்து வெக்கிற சிப் நிறைய இருக்கு, அதைத்தான் நீங்க ஆயிரக்கணக்கான தடவை படிச்சிருக்கீங்க. 2 கேபி சொச்சம்னு சொன்னீங்களே, அந்த சொச்சம்தான் ஒவ்வொரு பேஜுக்கும் பின்னாடி இருக்கிற ஸ்பேர் ஏரியா, 64 பைட்டோ 128 பைட்டோ உங்க சிப் டேட்டாஷீட்ல பாத்துக்கோங்க. டம்ப் எடுக்கும்போது அதையும் சேத்து எடுங்க, பேட் ப்ளாக் குறியெல்லாம் அங்கதான் இருக்கும்.

இன்னொண்ணு, அந்த கறுப்பு சிஎச்341ஏ போர்டு நிறையப் பேர்கிட்ட இருக்கிறது, சிப்புக்கு 3.3 வோல்ட் குடுத்துட்டு டேட்டா லைன்ல 5 வோல்ட் விடும். ஒரு மல்டிமீட்டர் வெச்சு அளந்து பாருங்க. 1.8 வோல்ட் ஃப்ளாஷா இருந்தா இன்னும் ஆபத்து. மாத்திட்டு அப்புறம் தொடுங்க.

ஆனா நீங்க தப்பாப் படிச்சதுலயே ஒரு நல்ல சேதி இருக்கு. 06 05 04 03 02 55 ஏஏ 55, இது இன்ஜெனிக்-ங்கிற கம்பெனி சிப்போட பூட்ராம் (ஆன் ஆனதும் முதல்ல ஓடுற, சிப்புக்குள்ளயே பதிச்ச ப்ரோக்ராம்) ஃப்ளாஷ்ல முதல்ல தேடுற அடையாளம். எக்ஸ்1000 குடும்பத்துல பாத்திருக்கேன். எழுத்தை சுரண்டினவங்களுக்கு இந்த பைட்டை சுரண்ட முடியாது, ஏன்னா அது இல்லாம பெட்டி பூட்டே ஆகாது.

---

பித்தளைப்_பூட்டு:

நான் ஒண்ணு கேக்கலாமா, உங்களுக்கு வேண்டியது வெட்டு இல்லாம பாட்டு ஓடணும், ஆடியோபுக் இடம் ஞாபகம் இருக்கணும், அவ்ளோதானே. ராக்பாக்ஸ் ஏற்கனவே ஓடுற ப்ளேயர் ஒண்ணு வாங்கினா ஒரு சாயங்காலத்துல வேலை முடிஞ்சிடும். புதுசா ஒரு ப்ளேயருக்குக் கொண்டு வர்றதுன்னா மாசக்கணக்கு ஆகும். பயமுறுத்த சொல்லல, பாதியில விட்டுட்டுப் போனவங்களை நிறையப் பாத்திருக்கேன், ப்ளேயரும் போயி ஆர்வமும் போயி. உங்களுக்கு அந்த வேலையே பிடிக்கும்னா தாராளமா இறங்குங்க.

---

நள்ளிரவு_நிரல்:

பித்தளைப்_பூட்டு சொல்றது நியாயமான கேள்விதான். ஆனா இன்ஜெனிக் எக்ஸ்1000-னா நண்பா உங்களுக்கு அதிர்ஷ்டம். ராக்பாக்ஸ்ல அந்த சிப்புக்கு ஏற்கனவே நேரடி சப்போர்ட் இருக்கு, ஃபியோ எம்3கே, ஷான்லிங் க்யூ1 ரெண்டும் அதே சிப். சிப்பையே ஒண்ணுமில்லாம இருந்து புரிஞ்சுக்க வேண்டியதில்ல, உங்க போர்டுல எந்தக் கால் எங்க போகுது, ஸ்க்ரீன் எது, டிஏசி எது, அதை மட்டும் கண்டுபிடிச்சா போதும்.

உங்க முக்கியமான கேள்விக்கு வர்றேன், என்க்ரிப்ஷனை உடைக்காம போக முடியாதான்னு. புதுசா வர்ற எல்லாரும் இந்த இடத்துலதான் மாட்டிக்கிறாங்க, அப்டேட் ஃபைலை வெச்சுக்கிட்டு மாசக்கணக்குல எண்ட்ரோபி கிராஃபையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. பூட்டின ஃபைலை வெளிய நின்னு உடைக்க வேண்டியதில்ல. ப்ளேயருக்கு அதைத் திறக்கத் தெரியும். நம்ம கோடு கொஞ்சூண்டு அதுக்குள்ள ஓடினா போதும், திறந்த நிலையில இருக்கிறதை அதுவே நமக்குப் படிச்சுக் குடுக்கும்.

இந்தத் துறையோட வரலாறே அதுதான். நாலாவது தலைமுறை ஐபாட்ல பூட்லோடரை வெளிய எடுக்க வழி இல்லாதப்போ ஐபாட்லினக்ஸ் பக்கம் இருந்த ஒருத்தர் என்ன பண்ணார்னா, வீல் சுத்தும்போது டிக் டிக்னு சத்தம் வருமே அந்த சின்ன பீசோ ஸ்பீக்கர், அதுல பூட்லோடர் பைட்டை எல்லாம் டிக் சத்தமா மாத்தி வெளிய விட்டு, சத்தம் புகாத ஒரு பெட்டியில வெச்சு மைக்ல ரெக்கார்ட் பண்ணி, அந்த ஆடியோவுல இருந்து திரும்ப பைட்டா மாத்தினார். மணிக்கணக்கா ஓடிச்சு அது. ரெண்டாவது தலைமுறை ஐபாட் நானோவுல ஃபர்ம்வேர் முழுக்க என்க்ரிப்ட். அதை யாரும் கணக்குப் போட்டு உடைக்கல, நோட்ஸ்னு ஒரு டெக்ஸ்ட் பாக்கிற வசதி இருக்கும், அதுல அளவுக்கு மீறி நீளமான ஒரு லிங்க் வெச்சா பஃபர் நிரம்பி வழியும், அந்த வழியா கோடை உள்ள விட்டாங்க. ரெண்டு கதையிலயும் முதல்ல கிடைச்சது உள்ள ஒரு கோடு ஓட ஒரு ஓட்டை, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

உங்களுக்கு அந்த ஓட்டை கூட தேட வேண்டாம். எக்ஸ்1000 பூட்ராம்லயே யூஎஸ்பி பூட் இருக்கு. பவர் ஆஃப் பண்ணிட்டு ஒரு பட்டனை அமுக்கிக்கிட்டே யூஎஸ்பி சொருகுங்க, எந்த பட்டன்னு தெரியாது ஒவ்வொண்ணா பாருங்க, எம்3கே-ல அது வால்யூம் குறைக்கிற பட்டன். ஸ்க்ரீன் கறுப்பாவே இருக்கும் ஆனா கம்ப்யூட்டர்ல புது டிவைஸ் வரும். வெண்டர் ஐடி ஏ108, ப்ராடக்ட் ஐடி 1000-னு காட்டினா கதவு திறந்துடுச்சுன்னு அர்த்தம். அந்த பூட்ராம் ரொம்ப எளிமையா பேசும்: நீ யாருன்னு கேக்கலாம் (8 எழுத்துல சிப்போட பேரைச் சொல்லும், சுரண்டினதெல்லாம் வீண்), அட்ரஸ் குடுக்கலாம், நீளம் குடுக்கலாம், டேட்டா அனுப்பலாம் வாங்கலாம், இங்க இருந்து ஓடுன்னு சொல்லலாம். மொத்தமே ஆறு கமாண்ட். பைதான்ல ஒரு மணி நேர வேலை.

இது ஏன் ரொம்ப முக்கியம்னா, பூட்ராம் சிலிக்கன்ல இருக்கு, ஃப்ளாஷ்ல நீங்க என்ன கூத்து பண்ணாலும் அது அழியாது. இந்தக் கதவு திறக்குதுன்னு ரெண்டு மூணு தடவை உறுதி பண்ணாம ஃப்ளாஷ்ல ஒரு பைட் கூட எழுதாதீங்க. திறக்குதுன்னு தெரிஞ்சா அப்புறம் பயமே வேண்டாம்.

ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க, யூஎஸ்பி பூட் ஆனதும் ராம் இன்னும் முழிச்சிருக்காது. சிப்புக்குள்ள இருக்கிற 16 கேபி எஸ்ராம்தான் இருக்கும், அது எஃப்4001000 பக்கம். முதல் ப்ரோக்ராம் அதுக்குள்ள அடங்கணும், அதுதான் க்ளாக்கையும் டிடிஆர் ராமையும் எழுப்பும், அப்புறம்தான் பெரிய ப்ரோக்ராம். உங்க முதல் இலக்கு ஸ்க்ரீன் கூட இல்ல, பேக்லைட் ரெண்டு தடவை எரிஞ்சு அணையணும். அது மட்டும்.

---

செம்புக்கம்பி:

நிரல் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க. பேர் போடாத நாலு புள்ளினு சொன்னீங்களே, ஓரத்துல நாலு ஒண்ணா இருந்தா பெரும்பாலும் சீரியல் போர்ட். பேட்டரி மாட்டி ஆன் பண்ணி மல்டிமீட்டர்ல பாருங்க, ஒண்ணு க்ரவுண்ட், ஒண்ணு நிலையா வோல்டேஜ் காட்டும், ஒண்ணு பூட் ஆகும்போது மட்டும் துடிக்கும், அந்தத் துடிக்கிறதுதான் டிஎக்ஸ், ப்ளேயர் டேட்டா அனுப்புற கால். எத்தனை வோல்ட்னு அளந்துட்டு அதுக்கு ஏத்த யூஎஸ்பி சீரியல் ஒயர் மாட்டுங்க, 5 வோல்ட் ஒயர் வேண்டவே வேண்டாம். வேகம் 115200-ல ஆரம்பிங்க.

இந்த சிப்புள்ள ப்ளேயர்ல கம்பெனி ஃபர்ம்வேரே பெரும்பாலும் லினக்ஸ்தான், கெர்னல் 3.10.14 பழசு. ஷெல் (கமாண்ட் அடிக்கிற இடம்) கிடைச்சுதுன்னா உங்களுக்கு பொக்கிஷம். பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே எந்தப் பின் என்ன நிலையில இருக்கு, ஐ2சி-ல (சிப்புங்க ஒண்ணோட ஒண்ணு பேசுற லைன்) யார் யார் இருக்காங்க, டிஏசி ரிஜிஸ்டர்ல (செட்டிங் வெக்கிற இடம்) என்ன மதிப்புன்னு எல்லாத்தையும் உக்காந்து எழுதி வெச்சுக்கலாம். சரியா வேலை செய்யுற ஃபர்ம்வேரை விட நல்ல டேட்டாஷீட் கிடையாது, அதை அழிக்கிறதுக்கு முன்னாடி கறந்துடுங்க.

லினக்ஸ்னா கெர்னல் ஜிபிஎல் லைசன்ஸ், அதனால சோர்ஸ் கேக்கிற உரிமையும் உங்களுக்கு இருக்கு. அதைக் குறிப்பிட்டு இன்னொரு மெயில் போடுங்க.

---

சுழல்வட்டு:

(12 நாள் கழிச்சு)

அண்ணே, நிரல், ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

பித்தளைப்_பூட்டு, நீங்க கேட்டதை ராத்திரி பூரா யோசிச்சேன். வேற ப்ளேயர் வாங்கலாம் தான், ஆனா எனக்கு இதோட சவுண்ட்தான் வேணும், அதோட உண்மையைச் சொன்னா இப்ப அந்த வேலையே பிடிச்சுப் போச்சு.

நடந்தது இதுதான். யூஎஸ்பி பூட் பட்டன் வால்யூம் இல்ல, ப்ளே பட்டன். ஏ108, 1000 வந்துச்சு, பேரைக் கேட்டேன், எக்ஸ்1000-னு சொல்லிச்சு. அந்த நிமிஷம் கை நடுங்கிடுச்சு. அந்த வழியாவே நேண்டை முழுசா படிச்சேன் ஸ்பேர் ஏரியாவோட சேத்து, ரெண்டு காப்பி, ரெண்டு வேற டிஸ்க்ல. உள்ள எல்லாம் திறந்தே இருக்கு! பூட்லோடர், கெர்னல், யூபிஐஎஃப்எஸ் ஃபைல்சிஸ்டம். அப்டேட் ஃபைல் மட்டும்தான் பூட்டினது, அதைத் திறக்கிற சாவி அப்டேட் பண்ற ப்ரோக்ராமுக்குள்ளயே இருந்துச்சு, இப்ப அது எனக்குத் தேவையே இல்ல.

சீரியலும் கிடைச்சுது, 3.3 வோல்ட், பாஸ்வேர்ட் கூட கேக்கல. நீங்க சொன்ன மாதிரி பாட்டை ஓடவிட்டு எல்லாத்தையும் எழுதி வெச்சேன். சோர்ஸ் கேட்ட மெயிலுக்கு இன்னும் பதில் இல்ல.

பேக்லைட் பின் சி போர்ட்ல இருந்துச்சு. முதல்ல எரியவே இல்ல, அட்ரஸ் 10010000 கணக்குல எழுதிக்கிட்டு இருந்தேன், அது ஃபிசிக்கல் அட்ரஸ், மிப்ஸ்ல (இந்த சிப்போட ப்ராசஸர் வகை) கேஷ் இல்லாம போகணும்னா பி0010000-னு போடணும்னு ரெண்டு நாள் கழிச்சுதான் உறைச்சுது. மாத்தினதும் எரிஞ்சு அணைஞ்சு எரிஞ்சு அணைஞ்சுது. வீட்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், ஒரு லைட் எரியுறதுக்கா இவ்ளோ சந்தோஷம்னு கேட்டாங்க.

இப்ப ஸ்க்ரீன்ல மாட்டிக்கிட்டேன். முழு வெள்ளையா இருக்கு. டேட்டா அனுப்பினாலும் வெள்ளைதான். எங்க பாக்கிறது?

---

நள்ளிரவு_நிரல்:

சூப்பர் நண்பா!!! அந்த லைட் எரியுற சந்தோஷம் தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்.

முழு வெள்ளைன்னா பேக்லைட் இருக்கு ஆனா ஸ்க்ரீனுக்குள்ள இருக்கிற கண்ட்ரோலர் இன்னும் தூங்குது. புள்ளி புள்ளியா கலர் குப்பை தெரிஞ்சா அது முழிச்சிடுச்சு, படம்தான் போகல. வெள்ளையில இருந்து குப்பைக்கு வந்தாலே பெரிய முன்னேற்றம். அதனால படம் அனுப்புறதை விட்டுட்டு எழுப்புற வரிசையைப் பாருங்க.

கெர்னலை எடுத்து கிட்ராவுல (மெஷின் கோடை படிக்கிற மாதிரி மாத்திக் காட்டுற சாஃப்ட்வேர்) போடுங்க, மிப்ஸ் 32 பிட் லிட்டில் எண்டியன், ஆரம்ப அட்ரஸ் 80010000 போட்டுப் பாருங்க. ஸ்ட்ரிங் எல்லாம் சரியான இடத்துல ரெஃபரன்ஸ் காட்டினா அட்ரஸ் சரி, நடு வார்த்தையில குத்தினா அட்ரஸ் தப்பு. அப்புறம் எல்சிடி டிரைவரைத் தேடுங்க. நிறைய சின்ன ஸ்க்ரீன் ஒரே மாதிரி கமாண்ட் வெச்சிருக்கும், ஹெக்ஸ்ல 11 தூக்கத்துல இருந்து எழு, 29 டிஸ்ப்ளே ஆன், 36 எந்தப் பக்கம் மேல, 3ஏ எத்தனை பிட் கலர், 2ஏ 2பி ரெண்டும் எந்த கட்டத்துல வரையணும், 2சி இதோ படம். டிரைவருக்குள்ள ஒரு டேபிளா வரிசையா இருக்கும், 11-ம் கடைசியில 29-ம் வந்தா அதுதான். அதை அப்படியே எடுத்துக்கோங்க, நடுவுல இருக்கிற மத்த நம்பரெல்லாம் அந்தக் கண்ணாடிக்கான வோல்டேஜ் காமா செட்டிங், புரிய வேண்டியதில்ல.

ரெண்டு இடத்துல எல்லாரும் சறுக்குவாங்க. ஒண்ணு ரீசெட் பின், அதை கீழ இழுத்து மேல விடாம எதை அனுப்பினாலும் கேக்காது. ரெண்டாவது 11 அனுப்பினதும் 120 மில்லிசெகண்ட் காத்திருக்கணும், நம்ம கோடு லினக்ஸை விட வேகமா ஓடுறதால அந்தக் காத்திருப்பு விட்டுப் போயிடும்.

சிவப்பும் நீலமும் இடம் மாறி வந்தா 36-ல ஒரு பிட். எல்லா கலரும் விநோதமா வந்தா ரெண்டு பைட்டோட வரிசை மாறியிருக்கு.

---

செம்புக்கம்பி:

தம்பி, ஐ2சி-ல 34-ங்கிற அட்ரஸ்ல ஒரு சிப் இருந்துச்சா? இருந்தா அது ஏஎக்ஸ்பி192 மாதிரி பவர் சிப்பா இருக்க வாய்ப்பு அதிகம். அதைப் படிங்க, எழுதாதீங்க. சார்ஜிங் வோல்டேஜை முடிவு பண்றது அதுதான், அந்த சிப்ல ரிஜிஸ்டர் 33-ல ஒரே ஒரு பிட் மாறினா 4.2 வோல்ட் இருக்க வேண்டியது 4.36 ஆயிடும். சாதாரண லித்தியம் செல்லுக்கு அது தாங்காது. அதே சிப்தான் ராமுக்கும் ப்ராசஸருக்கும் வோல்டேஜ் குடுக்குது, அங்க தப்பான நம்பர் போட்டா யூஎஸ்பி பூட் கூட காப்பாத்தாது.

ஃப்ளாஷ் அழிஞ்சா திரும்ப எழுதிக்கலாம். பேட்டரி உப்பினா அப்படி இல்ல. நான் இதைத் திரும்பத் திரும்ப சொல்றேன்னு நினைக்காதீங்க, எனக்கு ஒரு தடவை நடந்திருக்கு, ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நினைச்சா பகீர்ங்குது. டெஸ்ட் பண்ற நாள் வரைக்கும் கண்ணு முன்னாடிதான் சார்ஜ் ஏத்தணும்.

---

சுழல்வட்டு:

(ஒரு மாசம் கழிச்சு)

அண்ணே 34 இருந்துச்சு, தொடல. கம்பெனி ஃபர்ம்வேர் ஓடும்போது இருந்த மதிப்பெல்லாம் எழுதி வெச்சிருக்கேன், அதையே சரிபாத்துட்டு அப்படியே விட்டுட்டேன்.

ஸ்க்ரீன் வந்துடுச்சு. ரீசெட் பின்தான் பிரச்சினை. ராக்பாக்ஸ் சோர்ஸ்ல எம்3கே-க்கு இருக்கிறதைக் காப்பி பண்ணி என் போர்டுக்கு பின்னை எல்லாம் மாத்திக்கிட்டு இருக்கேன், மெனு வருது, பட்டன் வேலை செய்யுது, கார்டு படிக்குது.

சவுண்டும் வந்துடுச்சு ஆனா ஏதோ தப்பு. எல்லாப் பாட்டும் கிட்டத்தட்ட அரைக்கட்டை சுருதி ஏறி ஒலிக்குது, வேகமும் துளி கூட இருக்கு. முதல்ல என் காதுதான் தப்புன்னு நினைச்சேன், அப்புறம் போன்ல அதே பாட்டைப் போட்டு ஒத்துப் பாத்தேன், நிச்சயமா ஏறித்தான் இருக்கு. டிஏசி-க்கு போற மாஸ்டர் க்ளாக் 24 மெகாஹெர்ட்ஸை ரெண்டால வகுத்துக் குடுத்திருக்கேன்.

---

நள்ளிரவு_நிரல்:

கேள்வியிலயே விடை இருக்கு நண்பா, அரைக்கட்டைனு அளந்து சொன்னது ரொம்ப உதவியா இருந்துச்சு.

24-ஐ ரெண்டால வகுத்தா 12 மெகாஹெர்ட்ஸ். டிஏசி அதை 256-ஆல வகுத்து சாம்பிள் ரேட்டா எடுத்துக்கும், 46875 வரும். பாட்டு 44100. விகிதம் 1.063, ஒரு அரைக்கட்டைங்கிறது 1.059. உங்க காது சரியாத்தான் இருக்கு.

வேண்டியது 44100 பெருக்கல் 256, அதாவது 11.2896 மெகாஹெர்ட்ஸ். 24-ல இருந்து முழு எண்ணால வகுத்து இது வரவே வராது. ஆனா எக்ஸ்1000-ல ஐ2எஸ் (டிஏசி-க்கு ஆடியோ போற லைன்) க்ளாக்குக்கு மேல ஒரு எண் கீழ ஒரு எண் போட்டு பின்னமா வகுக்கிற வசதி இருக்கு. 11.2896-ஐ 24-ஆல வகுத்தா 0.4704, அதைப் பின்னமா எழுதினா 294-ன் கீழ் 625. அந்த ரெண்டு நம்பரையும் போடுங்க, மீதி இல்லாம துல்லியமா வரும். 48000 பாட்டுக்கு 64-ன் கீழ் 125 வரும், ஆனா கீழ இருக்கிற எண் மேல இருக்கிறதைப் போல ரெண்டு மடங்காவது இருக்கணும்னு அந்த ஹார்டுவேர் எதிர்பார்க்கும், 125 அதுக்குப் பத்தாது, அதனால அதுக்கு மட்டும் பிஎல்எல்-ல (க்ளாக்கைப் பெருக்கித் தர்ற சர்க்யூட்) இருந்து க்ளாக் எடுங்க.

பாட்டு ஆரம்பிக்கும்போது டொப்புன்னு ஒரு சத்தம் வருதா? வந்தா டிஏசி பவர் ஆகுறதுக்கு முன்னாடியே ம்யூட் போட்டு, க்ளாக் நிலையானதுக்கு அப்புறம் எடுங்க.

---

சுழல்வட்டு:

294, 625 போட்டேன். போன்ல ஒரு காது ப்ளேயர்ல ஒரு காதுன்னு வெச்சுக் கேட்டேன், ஒட்டிக்கிச்சு. டொப் சத்தமும் இருந்துச்சு, ம்யூட் வரிசை மாத்தினதும் போயிடுச்சு.

---

பித்தளைப்_பூட்டு:

நான் வாங்கிடுங்கன்னு சொன்னவன், இப்ப தினமும் இந்தப் பக்கத்தைத் திறந்து பாக்கிறேன். ஒரு வேண்டுகோள், எந்தப் பின் எதுக்கு, ஸ்க்ரீன் டேபிள், பவர் சிப் மதிப்பு, எல்லாத்தையும் தெளிவா ஒரு இடத்துல எழுதி ராக்பாக்ஸ் ஆளுங்களுக்கு அனுப்புங்க. கம்பெனியோட டம்பை மட்டும் எங்கயும் ஏத்தாதீங்க, அது அவங்க சொத்து. இதே ப்ளேயர் வெச்சிருக்கிற இன்னொருத்தர் மறுபடி சுரண்டின சிப்புல இருந்து ஆரம்பிக்கக் கூடாது.

---

சுழல்வட்டு:

(இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு)

எழுதி அனுப்பிட்டேன். கோடை அவங்க பாத்துக்கிட்டு இருக்காங்க, நிறையத் திருத்தம் சொன்னாங்க, எல்லாமே நியாயமானது.

பூட்லோடர் ஃப்ளாஷ்ல எழுதினது போன வாரம். வால்யூம் பட்டன் அமுக்கிக்கிட்டு ஆன் பண்ணா கம்பெனி ஃபர்ம்வேர், சும்மா ஆன் பண்ணா ராக்பாக்ஸ், ரெண்டும் வெச்சிருக்கேன். எழுதுறதுக்கு முன்னாடி யூஎஸ்பி பூட் பத்து தடவை சரிபாத்தேன்.

இன்னும் பாக்கி இருக்கிறது, ஆஃப் பண்ணி வெச்சாலும் பேட்டரி ஒரு வாரத்துல காலியாகுது, ஏதோ ஒரு பின்னை அணைக்காம விட்டுட்டேன் போல. செம்புக்கம்பி அண்ணே, பேட்டரி ஒயர்ல மீட்டரை வரிசையில வெச்சு அளக்கிறது எப்படின்னு சொல்லுங்க, மைக்ரோஆம்ப் அளக்க என் மீட்டர் போதுமா தெரியல.

நேத்து அந்த லைவ் ரெக்கார்டிங்கை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டேன். மூணாவது பாட்டு முடிஞ்சு கைதட்டல் நடுவுல நாலாவது ஆரம்பிக்கும், அந்த இடத்துல எப்பவும் வெட்டு விழும். நேத்து கைதட்டல் முழுசா கேட்டுச்சு.